எட்டாவது வரி

மதகடிப்பட்டில் இருக்கும் தன் கம்ப்யூட்டர் கடையில் புகழ்வேந்தன் பென்டிரைவைச் செருகினான்.

“வீடியோ ஓடுது, அடியில எழுத்து மட்டும் வரலப்பா,” என்றாள் திரௌபதி. “வூட்டுக்காரரு டிவி முன்னாடியே ஒக்காந்துகினு இருக்காரு.”

“சப்டைட்டில் ஃபைல் வேற ஃபார்மட்டுக்கா. உங்க டிவிக்கு எஸ்ஆர்டி வேணும், மாத்திடலாம். இன்னா படம், கொரியனா?”

“எம் பையன் பேசுனது. அவன் கூட்டாளி கேட்டுக் கேட்டு டைப் பண்ணான்.”

“தமிழுக்கே சப்டைட்டிலா? பெரிய ஹீரோதான்.”

அவள் சிரிக்கவில்லை. “எட்டாவது வரிய மட்டும் மாத்திடு. ‘கத்தினேன்’னு இருக்கும், ‘கத்தவே இல்ல’ன்னு போடு.”

“பையன் கோச்சிக்க மாட்டாரா?”

“அவன் போய் பன்னெண்டு நாளாவுது.”

புகழ்வேந்தன் ஃபைலைத் திறந்து அந்த வரியைப் படித்தான்.

‘அப்பா டிராக்டர ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தினேன், அவருக்குக் கேக்கல.’

அவன் திரும்பித் திரௌபதியைப் பார்த்தான்.

“கத்துனானா, கத்துனானான்னு தெனம் என்னைக் கேக்கறாருப்பா. இத படிச்சா உசுரோட இருக்கமாட்டாரு.”

“எழுத்த மாத்திடலாம்க்கா. ஆனா வீடியோல உங்க பையன் குரல் இருக்குமே?”

“வூட்டுக்காரருக்குக் காது கேட்டுப் பத்து வருஷமாச்சி.”

“வாயசைவு?”

“ஆஸ்பத்திரில மூஞ்சிக்கு மாஸ்க் போட்டிருந்தாங்க.”

அவன் வரியைத் திருத்தி, ‘அவருக்குக் கேக்கல’ என்பதையும் அழித்து, ஃபைலை மாற்றிக் கொடுத்தான். “சவுண்ட எடுத்துடட்டுமாக்கா?”

“வேணாம்,” என்று பென்டிரைவை முந்தானையில் முடிந்தாள் திரௌபதி. “அந்தக் கொரல கேக்கறதுக்கு வூட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்.”