லாரியில் போன ஆடுகளம்

தனக்குப் போட்டியாக வந்த புதிய லீக்கில் சேர்ந்த வீரர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் எல்லா மைதானங்களையும் பூட்டிவிட்டது. அவர்கள் அசரவில்லை. ராட்சத இரும்புத் தட்டில் மண் கொட்டி, புல் வளர்த்து, ஆடுகளத்தையே லாரியில் ஏற்றிப் பொருட்காட்சித் திடலில் ஆடக் கிளம்பினார்கள். கேப்டன் யூஜின் அதன் ஓரத்தில், தங்கைக்குச் சீர் கொண்டுபோகிறவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாரியத்தின் மைதான வாசலில், நெரிசலில் லாரி நின்றது. உச்சி வெயிலில் புல் வாடத் தொடங்கியது. யூஜினுக்கு எத்தனையோ முறை சல்யூட் வைத்த காவலாளி மாசிலாமணி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“கதவ மட்டும் தொறக்கச் சொல்லாத தம்பி. மேலிடத்து உத்தரவு.”

“நான் கேக்கலண்ணே.”

அவர் தலை உள்ளே மறைந்தது. சற்று நேரத்தில், பூட்டிய கதவுக்கு மேலாக ஒரு ரப்பர் குழாய் தலைநீட்டியது. வாரியத்தின் தண்ணீர் புல்லின்மேல் சிதறியது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “அந்த ஓரமும் நனையுதா தம்பி?”