வெளியே விடப்பட்டவன்

"செஞ்ச பாவத்த ஒத்துக்கப்பா. உன் தண்டனைய ஆண்டவர் எப்பவோ சுமந்து தீர்த்துட்டாரு."

பன்னிரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல், சிறைக் கம்பிக்கு வெளியே நின்று போதகர் பாடும் பாட்டு இதுதான். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்ற தையல்காரன் இன்றுதான் வாயைத் திறந்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். அன்னைக்கு அவரச் சிலுவையில ஏத்திட்டு, ஒரு கொலைகாரன வெளிய விட்டாங்களே, அவன் அப்புறம் என்ன ஆனான்?"

போதகர் தலையைச் சொறிந்தார். "அது எழுதலையேப்பா. காலமெல்லாம் அவர நெனச்சு உருகியிருப்பான்."

தையல்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கங்க! மொத வருஷம் மாசாமாசம் வந்து, இதே கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதான். அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, சொந்த வீடுன்னு ஆயிட்டான்."

"யாரப்பா சொல்ற நீ?"

தையல்காரன் சட்டைப் பையிலிருந்து, பிரிக்கப்படாமலே திரும்பி வந்த தன் கடிதத்தை எடுத்து நீட்டினான். உறையின் மேல் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'அனுப்பியவர் யாரென்று தெரியாது.'

"என் தம்பி கையெழுத்துங்க. அன்னைக்குக் கத்தி அவன் கையிலதான் இருந்துச்சு."