குடும்பப் படம்

“யூனிஃபார்ம் வேண்டாங்க்கா. பட்டுப்புடவை கட்டிட்டு வந்துருங்க.”

வாசலிலேயே மறித்துச் சொன்னார் மாலைக்காரர். அவர் அந்த வெளிநாட்டு ஊரின் தமிழ்ச் சங்கச் செயலாளர். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதல் மாலை அவர் கையில்தான் இருக்கும் என்பதால் தெருவே சூட்டிய பெயர் அது.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, வேட்பாளரோடு படம் எடுக்கப்போகிறார்களே என்று சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏன், இந்த ஊர் பஸ்ஸை நான்தானே ஓட்டுறேன்? அது தெரிஞ்சா என்னவாம்?”

“விளம்பரக்காரங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. இதுல பாத்தா இந்த ஊர்க்காரங்க மாதிரியே இருக்கீங்களாம். நம்ம அடையாளம் தெரியணுமாம்.”

“இருபது வருஷமா நான் இந்த ஊர்க்காரிதான்” என்று முணுமுணுத்துக்கொண்டே புடவை மாற்றப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் விளம்பரக் குழுவின் தலைவி கூடத்தைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தாள். “புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. இவ்வளவுதானா? படம் காலியா இருக்கும். சொந்தபந்தம் யாரும் இல்லையா?”

கணவருக்கு வாயெல்லாம் பல். உடனே தம்பி குடும்பத்துக்குப் போன் போட்டார். மாடி வீட்டிலிருந்து ஒரு பட்டாளம் இறங்கி வந்தது. தலைவி எண்ணிப் பார்த்தாள். “பதினாலு. போதும். வீட்ல பெட்டி ஏதாவது இருக்கா? பின்னாடி அடுக்குங்க. நீங்க கடந்து வந்த பாதை அதுல தெரியட்டும்.”

பரண் மேலிருந்த பெட்டிகளும் இறங்கின. போன விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனபோது தள்ளுபடியில் வாங்கிய பெட்டிகள். கடந்து வந்த பாதை இரண்டு மணி நேர ரயில் பயணம்.

வேட்பாளர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கை கூப்பி, “வனக்கம்” என்றார். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

“பாத்தீங்களா அண்ணி, நம்ம மொழியில பேசுறாரு!” கொழுந்தனாருக்குக் குரல் தழுதழுத்தது.

“பேசினது ஒரே வார்த்தை. அதையும் முறிச்சுப் போட்டுட்டாரு. இதுக்கா அழுறீங்க?”

கணவர் முறைத்தார். இந்தக் கூத்துக்கெல்லாம் அவள் சம்மதித்ததே ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். ஊரில் கைக்குழந்தையோடு தங்கை தனியாக நிற்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இங்கே அழைத்துக்கொள்ள விசா கேட்டு இரண்டு முறை மனுப் போட்டாயிற்று. இரண்டு முறையும் இல்லையென்றுவிட்டார்கள்.

மாலைக்காரர் மொழிபெயர்க்க முன்னால் வந்தார். அவரை விலக்கிவிட்டு, அந்த ஊர் மொழியிலேயே நேராகக் கேட்டாள்.

வேட்பாளர் சிரித்தபடி அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். “உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி. நான் ஜெயிச்சா அவங்க இந்த வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் தூங்க மாட்டேன்.”

விளம்பரத் தலைவி அதைப் போனில் உடனே குறித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வாய்ப்பேச்சாக விடாமல் குறித்துக்கொள்கிறார்களே!

அதன்பின் சொன்ன இடத்தில் நின்றாள், சொன்னபடியெல்லாம் சிரித்தாள். வேட்பாளரோடு எடுத்து முடிந்ததும், “அவர் இல்லாம ஒண்ணு. இதுல யாரும் சிரிக்காதீங்க” என்றாள் தலைவி.

“சிரிச்சா என்னவாம்?”

“நீங்க பட்ட கஷ்டம் தெரிய வேண்டாமா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பதினான்கு பேரும் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வாரத்தில் துண்டறிக்கை தெருவுக்கு வந்தது. பட்டுப்புடவையில் அவள், பக்கத்தில் வேட்பாளர், சுற்றிலும் குடும்பம். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று தமிழில் அச்சடித்திருந்தது. கணவர் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். எந்தக் கட்சியையும் வாசலோடு அனுப்பிவிடுகிற அவளே, ஷிப்ட் முடிந்ததும் ஒரு கட்டுத் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினாள்.

“அக்கா, பெட்டி கட்டட்டுமா?” என்றாள் தங்கை போனில்.

“கட்டுடி. இந்தத் தடவை கண்டிப்பா நடக்கும்.”

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பதிலாக ஆற்றுக்கு அக்கரைத் தடத்தில் அவளை அனுப்பினார்கள். பெரிய பெரிய வீடுகள், வெட்டிவிட்ட புல்வெளிகள். அவளுடைய ஆட்கள் ஒருவர்கூடக் குடியில்லாத பகுதி.

முதல் நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தியவளுக்கு மனம் துள்ளியது. நிழற்குடையின் கண்ணாடியில், ஆள் உயரத்துக்கு, அவள் குடும்பம்! இங்கேயுமா போட்டிருக்கிறார்கள்? தங்கைக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அது யாரும் சிரிக்காத படம். அதன் மேல் அந்த ஊர் மொழியில், கொட்டை எழுத்தில்: ‘ஒரே வீட்டில் பதினான்கு பேர். இன்னும் தங்கைகளும் வரக் காத்திருக்கிறார்கள். தடுத்து நிறுத்த, எனக்கே வாக்களியுங்கள்.’

கீழே, அவள் கைகளைப் பற்றியபோது சிரித்த அதே சிரிப்போடு வேட்பாளர்.