பூண் போட்ட அருவாள்

நாற்காலியைத் தூக்கி முத்தரசு ஓங்கி அடித்த அடியில் கண்ணாடிப் பெட்டி நொறுங்கி, முன்வரிசை வேட்டிகள் மேலெல்லாம் சில்லு தெறித்தது. பல்கலைக்கழகத்தில் புதுக் கலைக்கூடத்தைத் திறந்து வைத்து ஏற்றிய குத்துவிளக்கு இன்னும் அணையவில்லை. அதற்குள் இந்தக் கூத்து.

சத்தியப்பிரியா துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அங்கே காட்சிப் பொருள்களைத் துடைத்து வைக்கிற வேலை அவளுக்கு. பெட்டியை உடைத்தவனோ அவள் புருஷன். உள்ளே இருந்தவை அவர்கள் ஊர்க் கருப்பர் கோயிலில் நேர்த்திக்கடனாக நட்ட அருவாள்கள். சாமி சொத்தென்று எவனும் கை வைக்காமல் கிடந்தவற்றைத் திருப்பணியின்போது கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்.

முத்தரசு ஒன்றை உருவிக்கொண்டு, மாலையோடு உட்கார்ந்திருந்த பூமிநாதனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினான். பூமிநாதன் ஊருக்குப் பெரிய மனுஷன், முத்தரசுவுக்கு முறையில் சித்தப்பா. முத்தரசுவின் அண்ணன் குழந்தைவேலுவை அந்தக் கோயிலுக்குப் பின்னால் வெட்டிப் போட்டது அவர்தான் என்று ஊரே பேசியது. வெட்டின அருவாள் கடைசிவரை கிடைக்காததால் கேஸ் நிற்கவில்லை.

"மச்சான், வேணாம்! நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நானும் புள்ளையும் என்ன செய்வோம்?"

மூக்கில் ரத்தம் ஒழுக, பூமிநாதன் சிரித்தார். "வெட்டுடா! கருப்பருக்கு நேந்த அருவாளத் தீட்ட மாட்டாகன்னு தெரியாதா ஒனக்கு? ஒரு தக்காளிகூட நறுக்க முடியாது இத வச்சு."

அருவாள் அவர் தோளில் தொப்பென்று விழுந்தது. தோல்கூடக் கிழியவில்லை.

முத்தரசு அதை வீசிவிட்டு, கைப்பிடியில் பித்தளைப் பூண் போட்ட இன்னொன்றை எடுத்தான். பார்வைக்கு எல்லாமே ஒரே துருதான். ஆனால் சத்தியப்பிரியாவுக்கு பிளாஸ்திரி போட்ட விரல் விண்ணென்று தெறித்தது. முந்தாநாள் துடைக்கையில் அவள் விரலைக் கிழித்தது அந்தப் பூண் போட்டதுதான்.

நேற்று சோற்றுத் தட்டின் முன்னால், "எந்த அருவாடி கிழிச்சுச்சு?" என்று இந்தப் பாவி மனுஷன் துருவித் துருவிக் கேட்டது இதற்குத்தானா! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா அவள்?

"ஐயோ, யாராச்சும் பிடிங்களேன்! கொன்னுருவாரு!"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார். "கீழ போடுடா, சுட்டுருவேன்!"

முத்தரசு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பூமிநாதன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அருவாளைத் தலைக்கு மேல் ஓங்கினான். சத்தியப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பூமிநாதன் பார்வை அந்தப் பூணில் குத்தி நின்றது. சிரிப்பு செத்துவிட்டது. வேட்டி நனைந்தது.

"டேய்... அது வேணாம்டா! அது வெட்டும்டா! சார், அதப் பிடுங்குங்க சார், அது வெட்டும்!"

வெட்டுச் சத்தம் கேட்காமல் சத்தியப்பிரியா கண்ணைத் திறந்தாள். முத்தரசு எழுந்துபோய், அருவாளை இன்ஸ்பெக்டர் காலடியில் பதமாக வைத்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி நிதானமாகக் கேட்டான்:

"நேந்த அருவா வெட்டாதுன்னு இப்பத்தான சொன்னீக சித்தப்பா... இது மட்டும் வெட்டும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"