ஓட்டை விழுந்த இருபது பிராங்க்

"எந்தக் கழுதைம்மா இதுல ஓட்டை போட்டது?"

ஷாத்லி கத்திய கத்தலில் எதிர்க்கடை செருப்புக்காரர் எட்டிப் பார்த்தார். தூனிஸ் பழைய கடைவீதியில் நாணயங்களைப் பற்றி ஷாத்லிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவரே சொல்லியிருக்கிறார், தினமும்.

மேஜைமேல் கிடந்தது பிரெஞ்சுக்காரர்கள் காலத்து இருபது பிராங்க் வெள்ளி. பெயர் துனிசிய மன்னருடையது, ஆட்சி அவர்களுடையது. மன்னர் பெயர்மேலேயே ஓட்டை.

"நான்தான் போட்டேன்," என்றாள் அதைக் கொண்டுவந்த மெஹ்ரஸியா. "ஆணியை வெச்சு சுத்தியலால நாலு போடு போட்டேன். இறங்கிடுச்சு."

"நீங்களா! கழுத்துல கோத்துப் போட்டுக்கவா?"

"இல்ல, சும்மா."

"சும்மாவா? முழுசா இருந்தா ஒன்பதாயிரம் தினார்! அச்சடிச்சதே கொஞ்சம். இந்த ஊர்ல நானே ரெண்டுதான் பார்த்திருக்கேன். இப்ப வெறும் வெள்ளி. நாற்பது தினார் தர்றேன். அதுவும் உங்க முகத்துக்காக."

"விக்க வரலைங்க. நாற்பதுதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"என்கிட்டயே கேக்கறீங்களா?"

"அப்ப அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கடை முத்திரையும் வேணும்."

ஷாத்லி செருப்புக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டீங்களா? முட்டாள்தனத்துக்குச் சான்றிதழ் வேணுமாம்!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மெஹ்ரஸியா அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

ஷாத்லி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மனசு ஆறவில்லை.

"ஏம்மா, இதைப் பாழாக்க எப்படிம்மா கை வந்துச்சு?"

"வீட்டுக்காரர் வெச்சிட்டுப் போனது. அவரை அடக்கம் பண்ணின மறுநாளே எனக்கா உனக்கான்னு ரெண்டு மகனும் சண்டை. அப்புறம் கோர்ட்டு. ஃபௌஸி வந்தா ரிதா வாசல் மிதிக்க மாட்டான். ரிதா வந்தா அவன் மாட்டான். மூணு வருஷம், பெருநாளுக்குக்கூட."

"சரி, அந்தத் தாள் எதுக்கு?"

"ஓட்டை விழுந்தாலும் விலை போகும்னு ஃபௌஸிக்கு இன்னும் கொஞ்சம் நப்பாசை இருக்கு."

"ஓ! ஆணி அடிச்சதும் ரெண்டு பேருக்கும் பாசம் பொங்கிடுச்சாக்கும்?" என்றார் ஷாத்லி நக்கலாக.

மெஹ்ரஸியா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பாசமெல்லாம் தெரியாதுங்க. போன வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க. ஒரே தட்டுல கூஸ்கூஸ் சாப்பிட்டுக்கிட்டே, சாயங்காலம் வரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து என்னைத் திட்டினாங்க."