ஏழாவது நிமிடம்

"எல்லாம் சரி. ஏழாவது நிமிஷத்துல என்ன வருது?" என்று கேட்டார் மேடம்.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஏழாம் நிமிஷம்'. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர்களை மட்டும் டிவியிலும் போனிலும் தருகிற கம்பெனி அது. யார் எந்த நிமிடத்தில் பார்ப்பதை நிறுத்துகிறார்கள் என்பது அங்கே துல்லியமாகத் தெரியும். புதுத் தொடர் என்றால் ஏழாவது நிமிடத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறார்களாம்.

"அப்பா பசங்களுக்குப் புத்தி சொல்ற சீன் மேடம்," என்றான் கதை எழுதியவன்.

"அது வீட்லயே ஓசியில கிடைக்குதே! அதுக்கு எதுக்கு நம்மகிட்ட வரணும்? தாத்தாவுல இருந்து குழந்தை வரைக்கும் ஒரே நேரத்துல சிரிக்கணும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கணும். அதுதான் நமக்கு விளம்பரம். அப்படி ஏதாவது இருக்கா, இல்ல அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

வெளியே நான்கு பேர் கதையோடு உட்கார்ந்திருந்தார்கள். இவனுக்கோ மூன்று வருடம் செருப்பு தேய அலைந்து கிடைத்த முதல் வாய்ப்பு.

வாய் முந்திக்கொண்டது. "குழாய் ரிப்பேர் பண்ண ஒருத்தர் வர்றார் மேடம். திக்குவாய். வார்த்தை சிக்கிக்கிட்டா, தொடையில ரெண்டு தட்டு தட்டுவார். அப்பத்தான் வெளியே வரும். 'வ... வ... வ...' டப் டப்! 'வந்துட்டேன்!' அதுக்குள்ள வீடு பூரா தண்ணி."

எழுந்து நின்று நடித்தும் காட்டினான். அறையே அதிர்ந்தது. மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கேங்க பிடிச்சீங்க இந்த ஆளை?"

"சும்மா... கற்பனைதான் மேடம்."

கற்பனைக்கு வயது நாற்பது. லிஃப்ட் ரிப்பேர் வேலை. இவனுடைய கூடப் பிறந்த அண்ணன். லிஃப்ட்டைக் குழாயாக மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசாட்சியின் வாயை அடைத்துவிட்டான்.

தொடர் வெளியான ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே டிவி முன்னால் நாற்காலிகளைப் போட்டுவிட்டான் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடங்களில் எல்லாம், "எ... என் தம்பி எழுதினது" என்று சொல்லிச் சொல்லியே பதினோரு குடும்பங்களைச் சந்தாவில் சேர வைத்திருந்தான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கவே இவனுக்கு என்னவோ செய்தது.

"நீ பார்க்க வேணாம்ணா. உனக்குப் பிடிக்காது. ஒரே அறுவை."

"போ... போடா! நீ எழுதினது எ... எனக்குப் பிடிக்காதா?"

ஆறு நிமிடம் ஓடியது.

ஏழாவது நிமிடம். குழாய்க்காரர் உள்ளே வந்தார். "வ... வ... வ..." டப் டப்!

இவன் தரையைப் பார்த்தான். தலை நிமிரத் தைரியம் வரவில்லை.

விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன்தான்!

"அ... அப்படியே என்னை மாதிரியே இருக்கான்டா!"

அப்பாடா என்றிருந்தது இவனுக்கு. அம்மா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனான்.

"என்னம்மா நீ? அண்ணனே சிரிக்கிறான். உனக்கென்ன வந்துச்சு?"

"அவன் சிரிப்பான்டா. அன்னிக்கும் சிரிச்சுக்கிட்டேதான் செஞ்சான்."

"என்னிக்கு?"

அம்மா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். "உனக்கு அப்போ நாலு வயசு. ஒரு வார்த்தை முழுசா வராது. திக்கித் திக்கி நிப்ப. எதிர்வீட்டுப் பசங்க உன்னைச் சுத்தி நின்னு, நீ பேசற மாதிரியே பேசிக் காட்டுவாங்க. நீ பேசறதையே விட்டுட்ட."

"எனக்கா? நான் திக்கினதே இல்லையேம்மா!"

"உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அவனுக்குப் பத்து வயசு. பேச்சுப் போட்டின்னா ஸ்கூல்ல அவன்தான் முதல். 'தம்பி மட்டும் திக்கினாத்தானே கேலி பண்ணுவாங்க, நானும் திக்கறேன்'னு வேணும்னே ஆரம்பிச்சான். நீ வார்த்தை வராம முழிச்சா, உன் தொடையில ரெண்டு தட்டு தட்டுவான். உனக்கு வந்துடும். ஒரே வருஷம், உனக்குச் சரியாப் போச்சு." குரல் இறங்கியது. "அவனுக்கு ஒட்டிக்கிச்சு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். இன்னிக்கு மீறிட்டேன்."

ஹாலில் அண்ணன் அதே காட்சியைத் திரும்ப ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இவன் கூனிக் குறுகிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மண் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"பிரமாதம்! ஏழாவது நிமிஷத்துல ஒருத்தர்கூட போகலை!" மேடம் கத்தியது அண்ணனுக்கே கேட்டிருக்கும். "அந்தக் குழாய்க்காரர் எல்லா எபிசோட்லயும் வர்றார். எழுதிடறீங்கதானே?"

'முடியாது மேடம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"மு... மு... மு..."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணன் கையை நீட்டி, இவன் தொடையில் இரண்டு தட்டு தட்டினான்.