ஸ்டார்ட் ஆகாத ஞாயிறு

ஜெரால்டு வீட்டு ஷெட்டில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் மனைவி ஃப்ளோராவின் ஸ்கூட்டரும் அக்கம்பக்கமாக நின்றன. கார் மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் ஓடிவிட்டு வரும். வந்ததும் புது டயர், புது பிரேக், ஒசத்தி ஆயில். மற்ற நாளெல்லாம் போர்வைக்குள் தூக்கம்.

"மகாராணிக்கு இந்த மாசமும் புது பிரேக்கா?" என்றது ஸ்கூட்டர். "எனக்கு மூணு மாசமா பிரேக்கே இல்லை. அம்மா காலைத் தரையில தேய்ச்சு நிறுத்தறாங்க. கேட்டா, 'டிராக் முடியட்டும், பார்க்கலாம்'கிறார் உங்க ஐயா."

"நான் எதையும் கேட்கலையே, அக்கா. அங்கே ஓடறப்பதான் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். எனக்கும் அந்த ஒரு நாள்தான்."

வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் வாழ்கிறவளிடம் என்ன சண்டை என்று ஸ்கூட்டர் விட்டுவிட்டது.

ஞாயிறு காலை ஜெரால்டு ஹெல்மெட்டும் கையுமாக வந்து சாவியைத் திருகினார். கார் முனகக்கூட இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிவர ஸ்கூட்டரில் பறந்தவர், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் மோதித்தான் நின்றார்.

முழங்கைச் சிராய்ப்போடு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "இதிலேயா தினம் போறே?" என்றார்.

"பின்னே, பல்லக்கிலேயா?" என்றாள் ஃப்ளோரா.

ஃபோன் போட்டு வரவழைத்த மெக்கானிக்கிடம், "முதல்ல ஸ்கூட்டரைப் பாருப்பா" என்றார் ஜெரால்டு. அது முடிந்து மெக்கானிக் காரின் சாவியைத் திருகும்போது மணி மூன்று. டிராக்கை மூடியிருப்பார்கள். கார் முதல் திருகிலேயே உறுமியது.

"அடிப்பாவி! உனக்குன்னு இருக்கிறதே மாசத்துல ஒரு நாள்!" என்றது ஸ்கூட்டர்.

"மெதுவா, அக்கா," என்றது கார். "அவர் காதுல விழுந்துடப்போகுது."